விளக்கு வைக்கிற நேரத்துக் கட்டடம்

மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால் கூவம் வளைகிற இடத்தில் ஈச்சமரத்துச் சந்து என்று ஒன்று இருக்கிறது, அந்தச் சந்தின் வாயில் நிற்கிற பன்னிரண்டு மாடிக் கட்டடத்தைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று எழுதுகிறார்கள், பட்டணத்துக்கே அதுதான் முதல் உயரக் கட்டடம் என்று ஒருத்தர், இல்லவே இல்லை, அதற்கு முன்னால் வேறொன்று இருந்தது என்று இன்னொருத்தர், அஸ்திவாரத்துக்கு ஜல்லி எங்கிருந்து வந்தது, லிஃப்டு எந்தக் கப்பலில் வந்தது என்பதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், அது தினமும் உட்கார்ந்ததைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுத மாட்டேன் என்கிறார்கள். போன மாசம் ஒரு பெண் மைக்கை நீட்டிக்கொண்டு வந்து, "ஆன்ட்டி, இந்த பில்டிங் அப்பல்லாம் உக்காருமாமே, நெஜமாவா?" என்று கேட்டாள், எனக்கு வந்ததே ஒரு கோபம். உட்காருமாமேவா? உட்கார்ந்தது. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு உட்கார்ந்தது, கோயில் நடை சாத்தினதும் எழுந்து நின்றது. இதில் நிஜமா பொய்யா என்று கேட்பதற்கு என்ன இருக்கிறது? யாருக்காக உட்கார்ந்தது என்று கேட்டிருந்தாலாவது ஒரு வாய் காபி கொடுத்துச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை, போய்விட்டாள். நீங்கள் கேளுங்கள்.

கட்டியவர் குடைக்கடை அருணகிரி முதலியார். மழை பெய்தாலும் காசு, வெயிலடித்தாலும் காசு என்று ஊரே அவரைப் பார்த்துப் பெருமூச்சு விடும், ஆனால் மனிதர் கெட்டவர் இல்லை, கொஞ்சம் அவசரக்காரர், அவ்வளவுதான். ஒருதடவை கப்பலேறிப் போய் எங்கேயோ வெளிதேசத்தில் உயர உயரமான கட்டடங்களைப் பார்த்துவிட்டு வந்தார், அதிலிருந்து அவர் கழுத்து நேராக நிற்கவில்லை, தெருவில் அண்ணாந்தபடியே நடந்தார், இலையில் உட்கார்ந்தாலும் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார், கடைசியில் எங்கள் சந்தின் வாயிலிருந்த காலி மனையை வாங்கி, இதில் பன்னிரண்டு மாடி எழுப்பப்போகிறேன் என்று சொன்னார். கடப்பாரையோடு ஆட்கள் வந்து இறங்கின அன்றைக்கே சந்து திரண்டுபோய்க் குறுக்கே நின்றது. எங்கள் சந்தில் ஈச்சமரத்தம்மன் இருக்கிறாள், சின்னக் கோயில்தான், கோபுரம் இரண்டு ஆள் உயரம்கூடத் தேறாது, ஆனாலும் அவள் கோபுரத்துக்கு மேலே அங்கே ஒருத்தரும் கூரை ஏற்றினதில்லை, மாடி கட்டிக்கொள்ள வசதி இருந்தவர்கள்கூட ஓட்டுவீட்டோடு நிறுத்திக்கொண்டார்கள்.

முதலியார் வந்தார், செருப்பை முக்கிலேயே விட்டுவிட்டு, தட்டு நிறையப் பழத்தோடு வந்தார். கத்துகிற கூட்டத்தை அடக்க அவருக்கு ஒரே வழிதான் தெரிந்தது. அம்மன் எதிரில் கல்லில் சூடத்தை ஏற்றி, "தாயே, விளக்கு வைக்கிற நேரத்துல, உனக்குத் தீபாராதனை நடக்கிறப்போ, என் கட்டடம் உன் கோபுரத்தைவிட ஒசந்து நிக்காது, இது சத்தியம்" என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்துவிட்டார். சூடம் அணைத்தவனை மேற்கொண்டு கேள்வி கேட்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. கூட்டம் கலைந்தது. சத்தியம் பண்ணும்போது முதலியார் மனதில் என்ன இருந்தது என்பது அவருக்கே வெளிச்சம், பின்னால் ஒரு பரிகாரம் பண்ணிச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாரோ என்னவோ, மாடி ஏற ஏற அவர் அதைச் சுத்தமாக மறந்துபோனார். கட்டடம் அதை மறக்காமல் வைத்திருந்தது.

திறப்பு விழா அன்றைக்குப் பந்தல், பாண்டு வாத்தியம், தெரு முழுக்கக் கார். வருகிறவர்கள் எல்லாம் தொப்பி விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார்கள். விளக்கு வைக்கிற நேரம் வந்தது, பூசாரி துளுக்காணம் கோயில் மணியை அடித்தார், அடித்ததும் கட்டடம் உட்கார்ந்தது. சத்தமில்லை, தூசியில்லை, பந்தியில் இடம் கிடைத்த பெரிய மனிதர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்காருவதுபோல நிதானமாக, ஒவ்வொரு மாடியாக மண்ணுக்குள் இறங்கி, மொட்டைமாடி தெருவுக்கு வந்ததும் நின்றுவிட்டது, மேலே இருந்த தண்ணீர்த்தொட்டி அறையின் தலை அம்மன் கோபுரத்துக்கு ஒரு சாண் கீழே இருந்தது. பாண்டு வாத்தியக்காரர்கள் என்ன வாசிப்பதென்று தெரியாமல் கல்யாணப் பாட்டு வாசித்தார்கள். முதலில் அந்த மொட்டைமாடியில் கால் வைத்தது துளுக்காணத்தின் ஆடுதான், தொங்கவிட்டிருந்த மாவிலைத் தோரணத்தைத் தின்னப் போனது, நடை சாத்தினதும் கட்டடம் எழுந்தபோது ஆடும் மேலே போய்விட்டது, மறுநாள் சாயங்காலம் தோரணம் முழுவதையும் தின்று தீர்த்துவிட்டுக் கொழுகொழுவென்று இறங்கி வந்தது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் எங்களுக்குப் பயம் விட்டுப்போயிற்று.

அதற்கப்புறம் பழகிவிட்டது, எதுதான் பழகாது? அந்த நேரத்தில் அந்தப் பக்கம் நடக்கிறவர்கள் கொஞ்சம் ஒதுங்கி நின்று இடம் விட்டார்கள், வயசானவர்கள் "மெதுவா, மெதுவா" என்றார்கள், பஸ் கண்டக்டர்கள் ஸ்டாப்பின் பழைய பெயரை விட்டுவிட்டு "உக்கார்ற கட்டடம் எறங்கு!" என்று கூவினார்கள். அது உட்காருகிறபோது எங்கள் சந்துக் கிணற்றில் தண்ணீர் மேலே வந்துவிடும், கயிறும் வேண்டாம் ராட்டினமும் வேண்டாம், குனிந்து மொண்டுகொள்ளலாம், அதனால் எல்லா வீட்டிலும் சாயங்காலமே தண்ணீர் பிடித்துவைத்தோம். மாசமாக இருக்கிறவள் அதைப் பார்க்கக்கூடாது என்று ஒருத்தி கிளப்பிவிட்டாள், பார்த்த ஒருத்திக்கு வலியே தெரியாமல் பிள்ளை பிறந்ததும், மாசமாக இருக்கிறவள் கட்டாயம் பார்க்கணும் என்று அதே வாய் சொன்னது. எல்லாரையும்விடச் சந்தோஷப்பட்டவர்கள் உள்ளே ஆபீசில் இருந்த குமாஸ்தாக்கள்தான், மானேஜர் எவ்வளவு கத்தினாலும் விளக்கு வைப்பதற்கு முன்னால் வெளியே வந்தாக வேண்டும், பட்டணத்திலேயே வெளிச்சத்தோடு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த குமாஸ்தாக்கள் அவர்கள் மட்டும்தான், அவர்கள் பெண்டாட்டிமார்கள் அம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். ஒருத்தன் மட்டும் வேண்டுமென்றே மூன்றாம் மாடியில் இருந்துவிட்டான், ஜன்னல் வழியாக வேர்களையும், யாரோ எப்போதோ தொலைத்த ஒரு வெண்கலக் குத்துவிளக்கையும் பார்த்தேன் என்றான். அவன் வாயைத் திறந்தாலே பொய், அதை விடுங்கள்.

இனிமேல்தான் அம்சாக்கா வருகிறாள். அம்சவேணி என்று பெயர், அப்பளமும் வடகமும் போட்டு விற்பதுதான் எங்கள் சந்துப் பெண்களுக்குத் தொழில், அதில் அம்சாக்காதான் மூத்தவள், அவள் கூழ் கிளறினால் மணம் மவுண்ட் ரோடு வரைக்கும் போகும், மெஸ்காரர்கள் எல்லாம் "அம்சவேணி வடகம் வந்துடுச்சா?" என்று கேட்டு வாங்குவார்கள். புருஷன் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம், பிள்ளைகுட்டி கிடையாது, இரண்டு முட்டியும் தேய்ந்துபோய் ஒரு படி ஏறுவதற்குள் அம்மா அப்பா எல்லாரையும் கூப்பிட்டுவிடுவாள், ஆனால் வாய் மட்டும் தேயவே இல்லை. கட்டடம் எழும்பின அன்றிலிருந்து அதன்மேல் அவளுக்கு ஆத்திரம். காரணம் இருந்தது. பன்னிரண்டு மாடியும் சேர்ந்து எங்கள் சந்தின்மேல் நிழலாக விழுந்தது, காலையில் கொஞ்சம் தலைகாட்டின வெயிலும் மத்தியானத்துக்குள் போய்விடும், போட்ட வடகம் காயாமல் புளித்தது, அப்பளம் பூசணம் பிடித்தது. அம்சாக்கா தினமும் சந்து முனைக்கு வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "எங்க வெயிலைத் துன்னுட்டு எப்பிடி நிக்கிது பாரு எருமை மாதிரி, நீ நல்லா இருப்பியா?" என்று அதைத் திட்டுவாள், நின்றாலும் திட்டுவாள், உட்கார்ந்தாலும் திட்டுவாள்.

ஒருநாள் சாயங்காலம் அப்படித் திட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் வாயை மூடிக்கொண்டாள். எதிரே மொட்டைமாடி தெருவுக்கு முட்டி உயரத்தில் வந்து கிடந்தது, பாய் விரித்த மாதிரி, ஒரு துரும்பு நிழல் இல்லாமல். "சுலோ" என்று என்னைக் கூப்பிட்டாள், "நம்ம வெயில் எங்கயும் போவலடி. இது மேல கீது."

அன்றைக்கே மாவு, அடுப்பு, அண்டா, பழைய வேட்டிகள், குடிக்கத் தண்ணீர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அம்சாக்காவும் நானும் இன்னும் சிலரும் முக்காலி போட்டு ஏறி மொட்டைமாடியில் போய் உட்கார்ந்துகொண்டோம். நடை சாத்தினார்கள், கட்டடம் எங்களோடு எழுந்தது. அடேயப்பா, அந்தக் காற்று! வியர்வையிலேயே பிறந்து வியர்வையிலேயே வளர்ந்தவர்கள் நாங்கள், எங்கள் புடவை அதற்கு முன்னால் அப்படிப் படபடத்ததே இல்லை. விடிந்ததும் கூழ் கிளறி வேட்டியில் பிழிந்தோம், சூரியன் கடலிலிருந்து வந்ததும் முதலில் எங்கள் வடகத்தின்மேல்தான் விழுந்தது, சாயங்காலம் கட்டடம் இறங்குவதற்குள் வடகம் கலகலவென்று காய்ந்து, வேட்டியை உதறினாலே உதிர்ந்தது. காவல்காரர்கள் வந்து கேட்டார்கள். "மாடி தெருவுக்கு வந்துது, நாங்க தெருவுல நடந்தோம், அது தூக்கினு போச்சி, நாங்க இன்னா பண்றது?" என்று அம்சாக்கா சொன்னாள், அவர்கள் முதலியாரிடம் போய்ச் சொன்னார்கள், முதலியாருக்கு அந்த ஆடு விஷயத்திலேயே ஊர் சிரித்தது போதும் என்று இருந்தது, கண்டும் காணாததுபோல விட்டுவிட்டார்.

முறை வைத்துக்கொண்டு மேலே போனோம். முறைக்காரி ஒரு சாயங்காலம் ஏறினால் மறு சாயங்காலம்தான் இறங்குவாள், அதுவரைக்கும் கீழே வீட்டை ஆம்பளைகள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், எங்கள் சந்து ஆம்பளைகள் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டது அந்தக் கட்டடத்தால்தான். என் வீட்டுக்காரர் தணிகாசலம் கீழேயிருந்து அண்ணாந்து, "ஏ சுலோச்சனா! புளி எவ்ளோ போடணும்?" என்று கத்துவார், பன்னிரண்டு மாடிக்கு எட்டாது, எட்டினாலும் எனக்குக் காது கேட்காது. மேலே நாங்கள் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம், வாய்விட்டுப் பாடினோம், மாமியார்களைப் பற்றிப் பேசித் தீர்த்தோம், ஒருத்தி இருபது வருஷமாகத் தூங்காத தூக்கத்தைத் தூங்கினாள். அம்சாக்கா மட்டும் முறையெல்லாம் பார்க்கவில்லை, அவள் தினமும் போனாள், காய்ந்ததை இறக்கிக் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பவும் மேலே போய்விடுவாள். திட்டுவதை நிறுத்திவிட்டாள், அது உட்காருகிறபோது "வந்தியா, வா" என்பாள். ஒருநாள் கடலைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "இந்த முட்டியை வெச்சிக்கினு நான் அம்மன் கோயில் படியே ஏறமாட்டேன். என்னைப் போயி இவ்ளோ ஒசரத்துக்கு யாருடி தூக்கினு வருவாங்க? இது தூக்கினு வருது. இது இல்லாட்டி நான் கீய அந்த நெழல்லயே செத்துருப்பேன் சுலோ." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

இப்படி வருஷங்கள் நன்றாகத்தான் போயின. முதலியாருக்குத்தான் மனக்குறை. ஊரே விளக்குப் பார்க்க மவுண்ட் ரோட்டில் உலாத்துகிற நேரத்தில் அவர் கட்டடம் மட்டும் தரையோடு தரையாகக் கிடந்தது, சினேகிதர்கள் "என்ன முதலியார், உங்க கட்டடம் எழுந்திருச்சுதா?" என்று விசாரித்தார்கள். கடைசியில் வடக்கேயிருந்து ஒரு பெரிய கம்பெனி வந்தது, மொட்டைமாடியோடு சேர்த்துப் பன்னிரண்டு மாடியையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறோம், மேலே ஏரியல் கம்பம் நடுவோம், ஆனால் மற்ற கட்டடங்கள்போல இதுவும் நாள் முழுக்க நிற்கவேண்டும் என்றது. இன்ஜினியர்கள் வந்து நூல் பிடித்துப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், உட்காருகிறபோது கூடவே உட்கார்ந்து பார்த்தார்கள், கோட்டுத் தூசியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வழி சொன்னது பூசாரி துளுக்காணம்தான். "நீங்க என்னான்னு சத்தியம் பண்ணீங்க? அம்மா கோபுரத்தைவிட ஒசந்து நிக்காதுன்னுதான? கட்டடத்த ஏன் கொறைக்கணும், கோபுரத்த ஏத்திடுங்க."

முதலியார் துளுக்காணத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கோயில் வாசலில் கூட்டம் போட்டு, பட்டணத்திலேயே உயரமான ராஜகோபுரம் ஈச்சமரத்தம்மனுக்கு, செலவு பூராவும் என்னுடையது என்று அறிவித்தார், சந்தே கைதட்டி ஆரவாரம் செய்தது, பெண்கள் குலவை போட்டார்கள், யாருக்குத்தான் ஆசை இருக்காது, ஓலைக்கொட்டகையாக இருந்த காலத்திலிருந்து கும்பிட்டுவந்த அம்மாவுக்கு வானத்தைத் தொடுகிற கோபுரம்! அந்தக் கைதட்டலுக்கு நடுவில் அம்சாக்கா தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"கோபுரம் ஏறிட்டா கட்டடம் உக்காராது" என்றாள். "அப்போ நாங்க எங்க வெயில்ல காயவெக்கிறது?"

ஒருத்தருக்கும் அதுவரைக்கும் அது தோன்றவில்லை, கோபுரம் என்றதும் எல்லாருக்கும் கோபுரம்தான் கண்ணில் தெரிந்தது.

"அம்மாவுக்குச் செய்யறதைத் தடுக்காத அம்சவேணி" என்றார் துளுக்காணம். "நாக்கு அழுவிப்பூடும்."

"நான் தடுக்கல. அவளுக்கு வேணும்னா வெச்சிக்கட்டும், பெத்தவளுக்குப் பட்டுப் பொடவை எடுக்கிறப்போ குறுக்க நிப்பனா? எனுக்கு ஒரு வழி சொல்லுங்கன்னுதான் கேக்கறேன்."

முதலியார் எழுந்து வந்தார். அவர் குரலில் திமிர் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். "அம்மா, மொட்டைமாடி இனிமே கம்பெனியோடது. லிஃப்டுல ஏத்திவிடச் சொல்ல எனக்கு அதிகாரம் இருக்காது. வேற எதுனா கேளுங்க, செய்றேன்."

"வேற ஒண்ணும் வேணாம் மொதலியார்" என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்துவிட்டாள். அம்மனுக்குக் கோபுரம் வேண்டாம் என்று சொல்ல எந்த வாய்க்குத் துணிச்சல் வரும்? யாருக்கும் வரவில்லை, கோபுர வேலை ஆரம்பமாயிற்று.

ஸ்தபதிகள் வந்தார்கள், சாரம் கட்டினார்கள், கோபுரம் நிலை நிலையாக ஏறியது. கட்டடம் சொன்ன வாக்கில் ஒரு விரற்கடைகூடப் பிசகாதது, கோபுரத்துக்கு ஒரு சாண் கீழே நின்றால் போதும் என்று அதற்குத் தெரியும், அதனால் கோபுரம் எவ்வளவு ஏறியதோ அவ்வளவு குறைத்து உட்கார ஆரம்பித்தது. முதல் நிலை முடிந்தபோது மொட்டைமாடி தெருவுக்கு வரவில்லை, எங்கள் தலைக்கு மேலே நின்றுவிட்டது. தணிகாசலம் ஒரு மூங்கில் ஏணி கொண்டுவந்து சாத்தினார், நாங்கள் ஏறிப் போனோம். அம்சாக்கா ஏணியின் முதல் படியில் காலை வைத்தாள், அப்படியே நின்றாள், காலை எடுத்துவிட்டாள்.

"நீங்க போங்கடி" என்றாள்.

அடுத்த நிலை முடிந்தபோது ஏணி எட்டவில்லை, கயிற்றில் கூடை கட்டி இறக்கிப் பார்த்தோம், அதற்கடுத்த நிலையில் கயிறும் எட்டவில்லை. சந்தில் மறுபடியும் வடகம் புளிக்க ஆரம்பித்தது. கோபுரத்தில் பொம்மைகளுக்கு வர்ணம் அடித்தபோது சந்தே அண்ணாந்து பார்த்துப் பூரித்தது, குனிந்து முறத்தைப் பார்த்தால் பூசணம். சிலர் பக்கத்துத் தெருவில் மாடிக்கு வாடகை பேசினார்கள், சிலர் வீட்டு வேலைக்குப் போனார்கள். அம்சாக்கா எங்கேயும் போகவில்லை. தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து அதே இடத்தில் நிற்பாள், கட்டடம் அன்றன்றைக்குக் குறைந்துகொண்டே போகிற தன் அளவுக்கு உட்காரும், மேலே எங்கேயோ நிற்கும், பிறகு எழுந்துகொள்ளும், இவள் வீட்டுக்குப் போவாள். கடைசி நாட்களில் அது சும்மா தலையை ஆட்டுகிற மாதிரிதான் அசைந்தது.

"ஏன்க்கா வந்து வந்து நிக்கிற? மனசுதான் கெட்டுப்போவும்" என்று கேட்டேன்.

"அது வர்றப்போ யாரும் இல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள்.

கும்பாபிஷேகத்தன்று கூட்டமான கூட்டம். மேளம், வாணவேடிக்கை, கூவத்தின் நாற்றமே தெரியாத அளவுக்குச் சாம்பிராணி. கலசத்துக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், கோபுரம் பன்னிரண்டு மாடியையும் தாண்டி, தண்ணீர்த்தொட்டியையும் தாண்டி நின்றது, பார்க்கிறவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லக்கூடாது, எனக்கும்தான். கம்பெனிக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விளக்கு வைக்கிற நேரம் வந்தது, துளுக்காணம் மணி அடித்தார், தீபாராதனை காட்டினார், கட்டடம் நின்றது. ஒரு ஜன்னல்கூட அசையவில்லை. முதலியார் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார், கண்ணில் பொலபொலவென்று தண்ணீர், அத்தனை வருஷத்தில் விளக்கு வைக்கிற நேரத்தில் தன் கட்டடம் நிமிர்ந்து நிற்பதை அன்றைக்குத்தான் அவர் பார்த்தார். ஜனங்கள் கைதட்டினார்கள், கம்பெனிக்காரர்கள் ஒருத்தருக்கொருத்தர் கைகுலுக்கினார்கள், அன்னதானத்துக்கு இலை போட்டாயிற்று என்று யாரோ கூவினார்கள், கூட்டம் பந்திக்கு ஓடியது.

அம்சாக்கா மட்டும் அவள் இடத்தில் நின்றாள். இடுப்பில் முறம், முறத்தில் ஈரம் காயாத வடகம்.

"வாக்கா, எலை போட்டாச்சி" என்று கையைப் பிடித்தேன். கையை உதறிவிட்டாள். அண்ணாந்து கட்டடத்தைப் பார்த்தாள், பழைய காலத்தில் திட்டுவாளே, அதே குரல் வந்தது.

"இன்னா, அவ்ளோதானா? வாக்கு தீந்துபோச்சி, நிமிந்துட்ட? அப்போ இத்தினி வருசம் உக்காந்தது பூரா மொதலியாரு பண்ண சத்தியத்துக்குத்தானா? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு எனுக்குன்னு உக்காந்தியா நீ? நான் தெனம் வந்து நின்னனே, நீ ஒரு சாண் அசைஞ்ச நாளும் வந்து நின்னனே! இல்லன்னா இல்லன்னு சொல்லிடு. நான் போயிடறேன், இனிமே இந்தப் பக்கம் தலைவெச்சிப் படுக்க மாட்டேன்."

கடைசியில் குரல் உடைந்துவிட்டது. புருஷன் செத்தபோதுகூட அவள் அப்படி அழுததாக யாரும் சொன்னதில்லை, முறத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

அப்போது கட்டடம் உட்கார்ந்தது.

மணி அடிக்கவில்லை, தீபாராதனை முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது, கோபுரம் தன் உயரத்தில் தான் நின்றது, உட்கார் என்று சொல்ல எந்தச் சத்தியமும் பாக்கி இல்லை. பன்னிரண்டாம் மாடி பதினொன்றாயிற்று, பத்தாயிற்று, ஜன்னல் விளக்குகள் ஒவ்வொரு வரிசையாக மண்ணுக்குள் போயின, பந்தியில் இருந்தவர்கள் சோற்றுக் கையோடு எழுந்து நின்றார்கள். அம்சாக்கா முந்தானையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். மொட்டைமாடி அவள் எதிரே வந்து நின்றது.

முதலியார் எச்சில் கையோடு ஓடிவந்தார். பின்னாலேயே வந்த கம்பெனிக்காரர்கள் அவரைப் பார்த்தார்கள், கட்டடத்தைப் பார்த்தார்கள், காரை எடுக்கச் சொன்னார்கள். முதலியார் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சத்தியம்தான் தீர்ந்துடுச்சேம்மா" என்றார், மூச்சு வாங்கியது. "இன்னும் ஏன் உக்காருது?"

"அது தீர்ந்துடுச்சி மொதலியார்" என்றாள் அம்சாக்கா, மூக்கைச் சிந்திக்கொண்டே. "இது வேற."

முதலியார் குனிந்து அவள் முறத்தைத் தன் கையால் எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு உள்ளே போகக் காலடியைப் பார்த்த பிறகுதான் அவளும் நானும் கவனித்தோம். அத்தனை வருஷமும் மொட்டைமாடியின் விளிம்பு எங்கள் முட்டி உயரத்துக்கு வந்து நின்றுவிடும், முக்காலி போட்டு, அம்சாக்காவை இரண்டு பேர் தாங்கி, அவள் அம்மா அப்பாவைக் கூப்பிட்டு, அப்படித்தான் ஏற்றிவிடுவோம், சத்தியத்துக்கு அந்த அளவு உட்கார்ந்தால் போதும். அன்றைக்கு அது இன்னும் இறங்கியிருந்தது. அந்த முட்டி உயரமும் மண்ணுக்குள் போய், மாடித் தரையும் தெருத் தரையும் ஒன்றாகக் கிடந்தன, நடுவில் ஒரு கோடுகூடத் தெரியவில்லை. அக்கா காலைத் தூக்காமலே உள்ளே நடந்து போனாள்.